அன்னத்தின் இறக்கையில் ஓர் எண்

குளிர்காலத்தில் போர்ட் கிரெடிட் கரைப் பக்கம் போனால் ஏரியில் வெள்ளை அன்னங்களைக் காணலாம். பிள்ளைகள் உடனே ஃபோனைத் தூக்குவினம். தடுக்காதேங்கோ. "அலகு தெரியிற மாதிரி எடு" என்று மட்டும் சொல்லுங்கோ.

அலகு செம்மஞ்சளாக, அடியில் கறுப்புக் குமிழோடு இருந்தால் அது மியூட் அன்னம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. இங்கு குளிர்காலத்தில் கறுப்பு அலகோடு நிற்பது பெரும்பாலும் ட்ரம்பெட்டர் அன்னம், இந்த மண்ணின் சொந்தப் பறவை. இறக்கையில் மஞ்சள் அட்டையும் எண்ணும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வேட்டையால் ஒன்ராறியோவில் இந்த இனமே அற்றுப்போனது. கடைசிப் பறவை 1886இல் லோங் பொயின்டில் சுடப்பட்டது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1982இல், ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் அதைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கினார். ஆல்பெர்ட்டாவிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து மியூட் அன்னங்களின் கூடுகளில் வைத்து அடைகாக்க விட்டார். இன்று இங்கே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

எந்தப் பறவை உயிரோடு இருக்கிறது, எங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது, யாரோடு சோடி சேர்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணைக் கண்டவர்கள் அறிவித்ததால்தான் தெரியவந்தது. தூரத்தில் கண்ணுக்குப் பிடிபடாத எண், படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். எங்கட ஃபோனில் சும்மா கிடக்கும் படத்துக்கு இடமும் திகதியும் சேர்ந்தால் அது ஆய்வாளருக்கு ஒரு சான்று.

பதிவிடுவதற்கு ஈபேர்ட் இருக்கிறது. கோர்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இலவசத் தளம். பெயர் தெரியாத பறவை என்றால் அவர்களுடைய மெர்லின் செயலியில் படத்தைக் கொடுத்தால் என்ன பறவையாக இருக்கும் என்று சொல்லும். என் மகள் இப்போது பறவையைக் கண்டால் முதலில் எண்ணுவாள், பிறகுதான் படம். எத்தனை நின்றன என்று நான் பிழையாகச் சொன்னால் திருத்துவாள்.

ஒரு கட்டுப்பாடு வேண்டும். பறவை எங்களைப் பார்த்து நகரத் தொடங்கினால் நாங்கள் நிற்கவேண்டிய தூரத்தைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். நல்ல படத்துக்காகப் பாண் எறியக்கூடாது. கூட்டுக்குக் கிட்டப் போகவே கூடாது. றட்ரே மார்ஷில் மரப்பாதையை விட்டு இறங்கக்கூடாது. படத்தை விடப் பறவை பெரிது என்பதைப் பிள்ளைகள் கமரா பிடிக்கும்போதே படிக்கட்டும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதை எண்ணி ஈபேர்டில் போடுவதுதான் வேலை. அதே தை மாதத்தில் எங்கட ஏரியிலும் அன்னங்கள் கூடி நிற்கும். பொங்கிச் சாப்பிட்ட பிறகு சூடான கோட்டுகளைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு கரைக்குப் போங்கோ. கண்ட எண்ணை எழுதிக்கொண்டு வாங்கோ.