எல்லைச் சிற்றூரில் ஒரு மகிழுந்து

நுழையும் முன்

விடுமுறைப் பயணம், அலுவலகப் பணி, வண்டி வாங்கும் எண்ணம் ஆகிய மூன்றும் அண்டை வீட்டார் சந்தித்தால் இயல்பாக எழும் பேச்சுகள். இரு மாநிலங்கள் சந்திக்கும் எல்லையில் வாழ்வோருக்கு இப்பேச்சு சட்டம், வரி, கணக்கு, மொழி ஆகிய நான்கையும் தொட்டுச் செல்கிறது. அதனை இப்பாடத்தில் அறிவோம்.

ஊரும் சாலையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த சிற்றூர் உதியன்குளங்கரை. பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 66 இவ்வூர் வழியாகச் செல்கிறது. முன்பு இதனைத் தேசிய நெடுஞ்சாலை 47 என்றனர். வடமேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் திருவனந்தபுரம். தென்கிழக்கே பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாட்டின் களியக்காவிளை.

1956 நவம்பர் 1 வரை இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. கோடு மாறியதே தவிர உறவும் சந்தையும் மாறவில்லை. இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், பொருள் வாங்குவதும் விற்பதும் எல்லையைத் தாண்டியே நடைபெறுகின்றன. பழைய மகிழுந்து வாங்க விரும்புவோர் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் விலை கேட்பது இதன் தொடர்ச்சியே.

திண்ணைப் பேச்சு

பின்வருவது கற்பனை உரையாடல். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும், திருவனந்தபுரத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவரும் வெள்ளிக்கிழமை மாலையில் பேசுகின்றனர்.

இளைஞர்: அண்ணாச்சி, வணக்கம். நாளைக்கு எங்கேயாவது பயணம் உண்டா?

பெரியவர்: பேரப் பிள்ளைகள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. அதனால் சனிக்கிழமையே போகிறோம். உமக்கு வேலையெல்லாம் எப்படி, தம்பி?

இளைஞர்: வேலை நன்றாகத்தான் போகிறது. அப்பாவை வாரத்தில் இரண்டு நாள் திருவனந்தபுரம் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பேருந்தில் அவரால் நிற்க முடியவில்லை. அதனால் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு பழைய வண்டி மலிவாக வருகிறது.

பெரியவர்: ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது?

இளைஞர்: விற்கிறவர் பேரில் இல்லை, அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் பேரில் இருக்கிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்.

பெரியவர்: அப்படியானால் பணத்தைக் கொடுத்துவிடாதீர், தம்பி. முதலில் தாள்களைப் பார்ப்போம்.

பெரியவர் ஏன் அவ்வாறு தடுத்தார்? அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒரே சட்டம், இரண்டு வரி

நாடு முழுமைக்கும் பொதுவான மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பதிவு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவை இதன்படி நடைபெறுகின்றன. ஆனால் வாகனங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்புச் சட்டம் மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. எனவே ஒரே வகை வண்டிக்குக் கேரளத்தில் ஒரு வரி, தமிழ்நாட்டில் வேறொரு வரி. எல்லைக்கு இருபுறமும் விலை வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவெண்ணைக் கொண்டு வண்டியின் ஊரை அறியலாம். கே.எல். 19 பாறசாலையையும், கே.எல். 20 நெய்யாற்றின்கரையையும், டி.என். 74 நாகர்கோவிலையும், டி.என். 75 மார்த்தாண்டத்தையும் குறிக்கும். உதியன்குளங்கரைச் சாலையில் சிறிது நேரம் நின்றால் இந்நான்கு எண்களையும் காணலாம்.

வண்டியை எந்த மாநிலத்தில் பதிவு செய்வது? உரிமையாளர் வசிக்கும் இடம் அல்லது தொழில் நடத்தும் இடம், அதாவது வண்டி வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும் இடம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அங்கே பதிவு செய்ய வேண்டும். உதியன்குளங்கரையில் வீடுடைய ஒருவர் மார்த்தாண்டத்திற்கு நாள்தோறும் பணிக்குச் சென்று இரவு வீடு திரும்பினால், அவரது வண்டி கேரளத்தில் பதிவாவதே முறை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், புதிய மாநிலத்தில் மறுபதிவு செய்து புதிய எண் பெற வேண்டும் எனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. சனிக்கிழமை பத்மநாபபுரத்திற்குச் சென்று வருவது இக்கணக்கில் வாராது.

மறுபதிவின்போது புதிய மாநிலத்தின் வரியையும் செலுத்த வேண்டும். பழைய மாநிலத்தில் எஞ்சிய காலத்திற்குரிய வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலில் கையிலிருந்து பணம் செலவாகும். ஆகவே எல்லைக்கு அப்பால் மலிவாகத் தோன்றும் வண்டியின் விலையோடு இந்த வரியையும் கூட்டிப் பார்த்த பின்னரே அது மலிவா என்று முடிவு செய்ய வேண்டும்.

பழைய வண்டி கை மாறும்போது

வண்டி விற்பனையில் பணம் கைமாறுவது பாதிச் செயல். பெயர் மாறுவதே மீதிச் செயல். அதற்குரிய முக்கியத் தாள்கள் இவை:

1. பதிவுச் சான்று: மக்கள் வழக்கில் ஆர்.சி. புத்தகம். விற்பவரின் பெயரும் இதிலுள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும் என்பதால், எஞ்சியுள்ள ஆண்டுகளையும் எண்ண வேண்டும்.

2. தடையின்மைச் சான்று: என்.ஓ.சி. எனப்படுவது, படிவம் 28-இல் விண்ணப்பித்துப் பெறுவது. வண்டி திருட்டு வழக்கில் இல்லை எனக் காவல்துறையிடம் அறிக்கை பெற்று, வரி முதலிய நிலுவைகளையும் சரிபார்த்த பின்னரே பழைய பதிவு அலுவலகம் இதனை வழங்கும். மாநிலம் தாண்டும் வண்டிக்கு இதுவே திறவுகோல்.

3. உரிமை மாற்றப் படிவங்கள்: படிவம் 29, படிவம் 30 ஆகியன. ஒரே மாநிலத்திற்குள் விற்றால் 14 நாள்களுக்குள்ளும், வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள்களுக்குள்ளும் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

4. கடன் நீக்கச் சான்று: வண்டி கடனில் வாங்கப்பட்டிருந்தால் வங்கியின் பெயர் பதிவுச் சான்றில் இருக்கும். கடன் தீர்ந்த பின் படிவம் 35 கொடுத்து அதனை நீக்க வேண்டும். நீக்காத வண்டியை வாங்குவது பிறர் கடனையும் சேர்த்து வாங்குவது போன்றதாகும்.

5. காப்பீடு: விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். புதிய மகிழுந்துக்கு 2018 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து இதனை எடுக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கியவர் 14 நாள்களுக்குள் காப்பீட்டில் தம் பெயரை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

பெயரை மாற்றாவிடில் யாருக்கு இழப்பு? இருவருக்குமே. விற்றவர் வண்டியை மறந்துவிடலாம். சட்டம் அவரை மறப்பதில்லை. பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு மகிழுந்து விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. வாங்கியவரோ பணம் கொடுத்தும் ஏட்டளவில் உரிமையற்றவராகவே இருப்பார். வண்டியை மறுபடி விற்கவும், பிற மாநிலத்திற்கு மாற்றவும் முதல் உரிமையாளரின் கையொப்பத்தைத் தேடி அலைய நேரிடும்.

நம் உரையாடலில் வரும் மார்த்தாண்டத்து வண்டியும் இந்நிலையில்தான் உள்ளது. விற்கிறவர் முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது பதிவேட்டிலுள்ள உரிமையாளரே நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். பெரியவரின் எச்சரிக்கைக்கு இதுவே காரணம்.

கடனும் தவணையும்

மலையாளத்தில் வட்டியைப் 'பலிச' என்பர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்கும் 'பொலிசை' என்னும் சொல்லோடு இது உறவுடையது. தமிழின் 'விலை' மலையாளத்தில் 'வில' ஆகும். 'மழை' 'மழ' ஆகும். 'கடன்' 'கடம்' ஆகும். எல்லையில் இரு மொழியாரும் வண்டிக்கு விலை பேசித் தீர்ப்பதில் இடர்ப்பாடு மிகுதியாக இல்லாததற்கு இவ்வுறவும் துணை செய்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இளைஞர் புதிய வண்டியே வாங்குவதாகக் கொள்வோம். விலை 7 லட்சம் ரூபாய்; கையிலுள்ளது 2 லட்சம்; கடன் 5 லட்சம்; வட்டி ஆண்டுக்கு 9 விழுக்காடு.

ஐந்து ஆண்டுக் கடன்: மாதத் தவணை ஏறத்தாழ 10,379 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 1,22,750 ரூபாய்.

ஏழு ஆண்டுக் கடன்: மாதத் தவணை ஏறத்தாழ 8,045 ரூபாய், மொத்த வட்டி ஏறத்தாழ 1,75,740 ரூபாய்.

காலம் நீண்டால் தவணை குறைகிறது, வட்டி கூடுகிறது. ஏழாண்டுக் கடனில் ஏறத்தாழ 53,000 ரூபாய் கூடுதலாகச் செல்கிறது. 'மாதம் எட்டாயிரந்தானே' என்னும் சொல் இனிமையாக ஒலிப்பினும், மொத்தத் தொகையைக் கேட்ட பின்னரே கையொப்பமிடுதல் நன்று.

எரிபொருளையும் எண்ணுவோம். மருத்துவமனைக்குப் போகவர 50 கிலோமீட்டர். வாரம் இருமுறை 100 கிலோமீட்டர். நான்கு வாரங்களில் 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் 20 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 105 ரூபாய் எனக் கொண்டால் 2,100 ரூபாய் ஆகும். காப்பீடு, பழுதுபார்த்தல், டயர் ஆகியவை வேறு. இச்செலவை வாடகைச் சீருந்தின் கட்டணத்தோடு ஒப்பிட்டால், சொந்த வண்டி தேவையா என்பது விளங்கும். மாதம் எட்டு முறை மட்டுமே பயணம் எனில் வாடகை வண்டியே சிக்கனமாகலாம். தந்தையாரின் உடல்நிலை நள்ளிரவிலும் வண்டி தேவைப்படும் நிலையானால், கணக்கு வேறு. அங்கே பணத்தை விடக் காலமே பெரிது.

இடமாற்றம் பெறுவோருக்கு

மத்தியப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலரின் பெற்றோர் அடிக்கடி பணியிட மாற்றம் பெறுபவர்கள். மாநிலம் மாறுந்தோறும் மறுபதிவு செய்யும் தொல்லையைக் குறைக்க 2021-இல் 'பி.எச்.' வரிசை அறிமுகமானது. 'பாரத்' என்பதன் சுருக்கம் இது. மத்திய, மாநில அரசு ஊழியர், பாதுகாப்புத் துறையினர், பொதுத்துறை நிறுவனத்தார், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். வரியை ஒரே முறையில் செலுத்தாமல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செலுத்தலாம்.

நிறைவாக

மகிழுந்து வாங்குவது மகிழ்ச்சிக்குரியது. 'கணக்கைப் பார்த்தால் பிணக்கு வரும்' என்பர். வண்டி வாங்கும்போதோ கணக்கைப் பாராவிட்டால்தான் பிணக்கு வரும். விற்பவரின் சொல்லை நம்பலாம்; ஆயினும் அதனைத் தாளில் கண்ட பின் நம்புவது இருவருக்கும் நலம். திண்ணையில் கேட்கப்பட்ட 'யார் பேரில் இருக்கிறது?' என்னும் சிறு கேள்வி, ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் காக்க வல்லது.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
நிலுவை – செலுத்தப்படாமல் எஞ்சிய தொகை
பிணக்கு – மனவேறுபாடு, சச்சரவு
பொலிசை – வட்டி (பழைய வழக்கு)
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கே.எல். 19, டி.என். 75 ஆகியவை எவ்வூர்களைக் குறிக்கும்?
2. தடையின்மைச் சான்று வழங்கும் முன் பதிவு அலுவலகம் எவற்றைச் சரிபார்க்கும்?
3. கடன் காலம் நீளும்போது தவணையும் வட்டியும் எவ்வாறு மாறுகின்றன?

ஆ. விரிவாக விடை தருக.
1. வண்டியை விற்ற பின் பெயர் மாற்றாவிடில் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நேரும் இழப்புகளை விளக்குக.
2. இளைஞர் மார்த்தாண்டத்து வண்டியை வாங்கலாமா? எந்தெந்த நிபந்தனைகளோடு? காரணம் காட்டி எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
மகிழுந்து, தடையின்மை, பதிவெண், எரிபொருள்

ஈ. மொழிப்பயிற்சி
'விலை – வில', 'மழை – மழ' போல, தமிழில் ஐகாரத்திலும் மலையாளத்தில் அகரத்திலும் முடியும் சொல் இணைகள் ஐந்தினை உங்கள் ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

உ. செயல்பாடு
இருவர் இணைந்து, வண்டி விற்பவராகவும் வாங்குபவராகவும் பத்துத் தொடர்களில் உரையாடல் எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக. வாங்குபவர் குறைந்தது நான்கு தாள்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.