புரதத்தின் மடிப்பும் கணிப்பொறியின் அறிவும்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் படகு கட்டும் கயிறு ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். மூன்று புரிகளை முறுக்கிச் செய்த கயிறு அங்கே கிடைக்கும். அந்தப் படகில் வந்திறங்கும் மீனின் தோலிலும் இதே அமைப்புத்தான்! தோலுக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதம், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட நுண்கயிறு. 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னது இது.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சங்கிலி. அது உரிய வடிவில் மடிந்தால்தான் பெரும்பாலும் வேலை செய்யும். வடிவம் தெரிந்தால் அதில் பொருந்தும் மருந்தையும் தேடலாம். மணிகளின் வரிசையை மட்டும் கொண்டு வடிவத்தைச் சொல்ல முடியுமா? 100 மணிகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிலைகள் என்று கொண்டாலும், மொத்த வடிவங்களின் எண்ணிக்கையை எழுத 48 இலக்கங்கள் வேண்டும்! ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது.

வழி பிறந்தது ஒரு மறுப்பிலிருந்து. கொல்லாஜன் மாதிரியில் சில அணுக்கள் மிகவும் நெருங்கி நிற்கின்றன என்று கிரிக், ரிச் ஆகியோர் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? தெரிந்த படிகங்களிலிருந்து இராமச்சந்திரன் அளவுகளைத் திரட்டினார். ஒவ்வொரு மணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளா என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டதே 'இராமச்சந்திரன் வரைபடம்'. அதில் பெரும்பகுதி 'கூடாத' இடம்தான்.

கூடாதவற்றைத் தள்ளினால் தேடல் சுருங்கும் அல்லவா? இத்தகைய அறிவை விதிகளாகக் கணிப்பொறிக்கு ஊட்டும் முயற்சிகள் பின்னர் எழுந்தன. 1980களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான 'புரோட்டியன்', காந்த ஒத்ததிர்வு அளவீடுகளுடன் வேதியியல் விதிகளையும் சேர்த்து, பொருந்தாத அமைப்புகளை விலக்கியது.

'ஆல்ஃபாஃபோல்டு' வேறு வழியில் சென்றது. 1971 முதல் புரத வங்கியில் சேர்ந்துவந்த வடிவங்களைப் பார்த்து அது தானே கற்றுக்கொண்டது. 2022இல் 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களின் கணிப்புகள் வெளியாயின. 2024இல் ஹசாபிஸ், ஜம்பர் ஆகியோருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் கணிப்பு வேறு, உண்மை வேறு. ஒரு வடிவம் சரிதானா என்று ஐயம் எழும்போது அறிவியலார் இன்றும் எடுத்துப் பார்க்கும் சோதனைகளுள் ஒன்று, சென்னையில் பிறந்த அந்த வரைபடமே!