பத்து ரூபாய்க்கு யோசிக்கிற கை

2015 ஜூலையில் கூகுள் ஒரு முடிவெடுத்தது. இந்தியாவில் பிளே ஸ்டோரில் ஆப் விற்பவர்கள் அதுவரை குறைந்தது 50 ரூபாய் விலை வைத்தாக வேண்டும். இனிமேல் 10 ரூபாய்க்கே விற்கலாம் என்று அறிவித்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஆப்பிளும் இந்தியாவுக்கென்று 10 ரூபாய் விலையைக் கொண்டுவந்தது. இந்தியர்கள் ஆப்களை அள்ளி அள்ளிப் பதிவிறக்குகிறார்கள், காசு என்று வந்தால் மட்டும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். விலை இறங்கினால் வாங்குவார்கள் என்பது இரண்டு நிறுவனங்களும் போட்ட கணக்கு.

இந்தக் கணக்குக்குத் தாய்வீடு நம் கடலூர். சின்னி கிருஷ்ணன் என்பவர் அங்கே தொடங்கிவைத்த, சின்னச் சின்னப் பாக்கெட்டில் விற்கும் யோசனையைத்தான் அவருடைய பிள்ளைகள் வெல்வெட், சிக் என்று ஷாம்புகளாக ஊரெங்கும் கொண்டுபோனார்கள். பாட்டில் வாங்க வழியில்லாத வீடுகளுக்குள் ஷாம்பு நுழைந்தது இப்படித்தான். 50 பைசா சிக் பாக்கெட் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது. ஆனால் அதை வாங்க ஒரு 50 பைசா நாணயம் போதும். 2015-ல் 10 ரூபாய் ஆப் வாங்கக் கார்டு வேண்டும். கையில் கார்டு இருந்தாலும் அதன் 16 இலக்கம், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் தட்டி முடித்து, ஓடிபி வருகிறதா என்று பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து ரூபாய்ப் பொருளுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

பதிவிறக்கத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் இந்தியா, ஆப்களுக்குச் செலவிடுவதில் அந்த வரிசையில் இல்லை. ‘இந்தியர்கள் ஓசிப் பிரியர்கள்’ என்று தொழில் வட்டாரத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்மவர்கள் எதற்குக் கொடுத்தார்கள், எதற்கு மறுத்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

வாட்ஸ்அப் ஒரு காலத்தில் கட்டணச் சேவை. முதல் ஆண்டு இலவசம், அதன்பிறகு ஆண்டுக்கு 99 சென்ட். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 60 ரூபாய். ‘இந்தத் தகவலைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் உங்கள் வாட்ஸ்அப் ஆயுள் முழுக்க இலவசம்’ என்று ஒரு பொய்ச் செய்தி அப்போது குரூப் குரூப்பாகச் சுற்றியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2014-ல் ஃபேஸ்புக் இந்த நிறுவனத்தை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016 ஜனவரியில் ஆண்டுக் கட்டணம் ரத்தானது. அப்போது வாட்ஸ்அப் சொன்ன காரணம் முக்கியமானது: பயனர்களில் நிறையப் பேரிடம் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ இல்லை, முதல் ஆண்டு முடிந்ததும் நண்பர்களோடும் உறவினர்களோடும் தொடர்பு அறுந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். மனமில்லாமல் போனதாக அவர்கள் சொல்லவில்லை. வழியில்லாமல் இருந்தது.

வழி இருந்த இடத்தில் இதே மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். காலர் டியூனை நினைத்துப் பாருங்கள். யாருக்கோ போன் போடுகிறோம், நமக்குப் பிடித்த பாட்டு ஒலிக்கிறது. ‘இந்தப் பாடலை உங்கள் காலர் டியூனாக வைக்க ஸ்டாரை அழுத்தவும்’ என்கிறது ஒரு குரல். அழுத்தினால் முடிந்தது. ரீசார்ஜ் பேலன்ஸிலிருந்து மாதம் 30 ரூபாய் தானாகக் கழியும். நாம் காதால் கேட்காத, நம்மை அழைப்பவர்கள் மட்டுமே கேட்கிற ஒரு பாட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டிய மக்கள் நாம்! கார்டு இல்லை, ஓடிபி இல்லை, ஒற்றைப் பொத்தான். ஆனால் அதே ஒற்றைப் பொத்தான்தான் கேட்காத ஜாதகத்தையும் கிரிக்கெட் ஸ்கோரையும் தலையில் கட்டியது. ‘டாப்-அப் பண்ணி ரெண்டு நாள்கூட ஆகலை, காசைக் காணோம்’ என்று ரீசார்ஜ் கடைகளில் தினமும் ஒருவராவது சண்டை பிடிப்பார். புகார்கள் பெருகவே, 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இப்படிப்பட்ட சேவைகளுக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு முறை ஒப்புதல் வாங்கியாக வேண்டும் என்று உத்தரவிட்டது. பணம் கட்டுவது சுலபமாக ஆக, கட்டுகிறோம் என்ற உணர்வு மங்கிப்போகும். இன்று ஆப் உலகில் நடப்பதற்கெல்லாம் ஒத்திகை அன்றே நடந்துவிட்டது.

இலவச மோகம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. லண்டனைச் சேர்ந்த அஸ்டூ நிறுவனம் 2014-ல் ‘மான்யுமென்ட் வேலி’ என்ற அழகான புதிர் விளையாட்டை வெளியிட்டது, விலை 3.99 டாலர். 2015 தொடக்கத்தில் அவர்களே ஒரு கணக்கு சொன்னார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் இந்த விளையாட்டு இருக்கும் நூற்றில் ஐந்து மட்டுமே காசு கொடுத்து வந்தவை; ஐபோனில் நூற்றுக்கு நாற்பது. ஒரே ஆள் இரண்டு கருவிகளில் வைத்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும் என்றாலும் படம் தெளிவாகவே இருக்கிறது. அதற்குச் சில வாரங்கள் முன்பு புதிய அத்தியாயங்களைச் சேர்த்து 1.99 டாலர் கேட்டபோது, ஏற்கெனவே வாங்கியவர்களில் பலர் கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போனார்கள். பணக்கார நாடுகளிலும் நிலைமை இதுதான்.

சரி, நம்மவர்கள் மனமாரக் கொடுப்பது எதற்கு? வரன் தேடுவதற்கு. சென்னையில் தலைமையகம் கொண்ட மேட்ரிமோனி டாட் காம், முருகவேல் ஜானகிராமன் 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் இருந்தபோது தொடங்கியது. அதன் சேவைகளில் பெயரைப் பதிவு செய்வது இலவசம். எதிர்த்தரப்பின் தொலைபேசி எண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும், அதுவும் சில ஆயிரங்களில். பத்து ரூபாய் ஆப்பை வாங்க மறுத்த அதே குடும்பம் இந்த ஆயிரங்களைப் பெரிதாக முகம் சுளிக்காமல் கட்டுகிறது. என்ன கிடைக்கும் என்பது கட்டுவதற்கு முன்பே தெரிகிறது. சந்தேகம் கேட்டால் மறுமுனையில் ஓர் ஆள் தமிழில் பேசுகிறார். எத்தனை மாதத்துக்கு எவ்வளவு என்ற கணக்கும் மொத்தமாகக் கண்ணெதிரே இருக்கிறது. ஆப்புக்குப் பணம் கட்டுவதாக அப்பா அம்மா நினைப்பதே இல்லை. கல்யாணச் செலவில் ஒன்றாக அதை எழுதிக்கொள்கிறார்கள்.

இந்தப் பணத்தின் மீதுதான் கூகுளுக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் பெரிய தகராறு வந்தது. ஆப்புக்குள் நடக்கும் வசூலில் 11 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் என்பது கூகுளின் நிபந்தனை. ஒத்துக்கொள்ளாத நிறுவனங்களின் ஆப்களை 2024 மார்ச் 1 அன்று பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. மேட்ரிமோனி டாட் காமின் பாரத் மேட்ரிமோனியும் அதில் போனது. மத்திய அரசு தலையிட்ட பிறகே திரும்பி வந்தது.

விலையைச் சரியாகப் பிடித்தால் மக்கள் வருகிறார்கள் என்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் சாட்சி. 2019-ல் போனில் மட்டும் பார்க்க மாதம் 199 ரூபாய் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2021 டிசம்பரில் அதை 149 ஆக்கி, 499 ரூபாய் அடிப்படைத் திட்டத்தையும் 199-க்கு இறக்கினார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவில் பார்வை நேரம் 30 சதவீதத்துக்கு நெருக்கமாக உயர்ந்ததாகவும், வருமான வளர்ச்சி 19 சதவீதத்திலிருந்து 24 சதவீதமானதாகவும் பங்குதாரர்களிடம் சொன்னார்கள். விலையைக் குறைத்துவிட்டு வருமானத்தை வேகமாக வளர்த்திருக்கிறார்கள். இதற்குப் பிறகும் ஓசிப் பிரியர்கள் என்றால் எப்படி?

ஆனால் இது பெரிய நிறுவனத்தின் கதை. தனியாளாக உட்கார்ந்து தமிழில் ஓர் ஆப் செய்கிறவரின் பக்கம் வந்து பாருங்கள். 10 ரூபாய்க்கு விற்றால் 18 சதவீத ஜிஎஸ்டி போக எட்டரை ரூபாய். 15 சதவீதக் கமிஷன் போக ஏழு ரூபாய் சொச்சம். ஆயிரம் பேர் வாங்கினால் ஏழாயிரம். தமிழ் நாள்காட்டியையோ அகராதியையோ அதை வைத்து எத்தனை நாள் புதுப்பித்துக்கொண்டிருக்க முடியும்? அதனால் ஆப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு விளம்பரத்தை நம்புகிறார்கள். ராகுகாலம் பார்க்கத் திறந்தால் உடனடிக் கடன் விளம்பரம் முழுத்திரையில் பாய்கிறது. அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவுக்கு ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது. தமிழுக்கு உழைப்பவர்களை நாம் தள்ளியிருக்கும் இடம் இது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

விளையாட்டு நிறுவனங்கள் இலவசத்திலேயே வேறொரு வித்தை கண்டுபிடித்தன. கேண்டி க்ரஷ் விளையாட்டை நடத்தும் கிங் நிறுவனம் 2014-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் கணக்கைத் திறந்து காட்டியது. மாதாந்திரப் பயனர்களில் காசு கொடுப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். அந்த நான்கு பேரின் பணம்தான் பெரும் பங்காக இருந்த 2013-ஆம் ஆண்டு வருமானம் 188 கோடி டாலர்! ஆக, நூறு பேரிடமும் ஆளுக்குக் கொஞ்சம் கேட்பதற்குப் பதிலாக, நிறுத்த முடியாத சிலரைக் கண்டுபிடித்து அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பது. உயிர் தீர்ந்துவிட்டது, அரை மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு. எனக்கு இது வியாபாரமாகவே தோன்றவில்லை.

நிறுத்தத் தெரியாதவர்களில் முதலில் வருபவர்கள் குழந்தைகள். அமெரிக்காவில் ஒருமுறை கடவுச்சொல் தட்டினால் அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காத ஏற்பாடு ஐபோனில் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளைகள் வாங்கித் தள்ளினார்கள். 2014 ஜனவரியில் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2020-ல், ஊரடங்கு நாள்களில், பஞ்சாபில் 17 வயதுப் பையன் ஒருவன் பப்ஜி விளையாட்டுக்காகப் பெற்றோரின் கணக்கிலிருந்து 16 லட்சம் ரூபாய் செலவழித்தது நாடு முழுக்கச் செய்தியானது. வைத்தியத்துக்கென்று எடுத்துவைத்த பணம் அது.

ஆன்லைன் ரம்மி தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளைக் குலைத்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022-ல் சட்டமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்குத் தடை செல்லாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை விளையாடக் கூடாது என்று 2025-ல் விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. அவ்வளவு தூரம் போன பிறகுதான் நின்றது.

இப்போது யுபிஐ காலம். 2016-ல் வந்த யுபிஐ, கார்டு இல்லை என்ற பழைய தடையை உடைத்தது. 2020-ல், ஒருமுறை அனுமதி கொடுத்தால் தவணைதோறும் தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே வந்தது. பத்து ரூபாய் ஆப் அன்றைக்குத் தவறவிட்ட பெட்டிக்கடை நாணயம் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. அதோடு ‘ஒரு ரூபாய்’ வந்திருக்கிறது.

திருச்சியில் என் பெரியம்மாவின் போனில் கதை கேட்கிற ஆப் ஒன்று இருந்தது. ‘7 நாள் வெறும் 1 ரூபாய்’ என்று மஞ்சள் பட்டை திரையை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில், எட்டாம் நாளிலிருந்து எவ்வளவு பிடிப்பார்கள் என்பது. பெரியம்மா பின் நம்பர் போட்டார். ஒரு ரூபாய் போனது. இரண்டு நாளில் கதை சலித்து ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டார். மாதாமாதம் 199 ரூபாய் போய்க்கொண்டிருந்ததை பாஸ்புக் போடப் போன இடத்தில்தான் பார்த்தார்.

“அதான் அழிச்சிட்டேனேம்மா, அப்புறம் எப்படி எடுக்கிறான்?” என்று கேட்டார்.

அவர் ‘அனுமதி’ கொடுத்தது வங்கிக் கணக்குக்கு. ஆப்பை அழித்தால் அந்த அனுமதி அழியாது. பணம் அனுப்பும் ஆப்புக்குள் ஆட்டோபே என்ற பகுதியைத் தேடிப் போய், பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, ரத்து என்று அழுத்தி, மறுபடி பின் போட வேண்டும். கொடுக்க ஒரு தட்டு. நிறுத்த இத்தனை படி. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வந்தும் இருந்தது, ஆங்கிலத்தில், நூறு விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில். 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணையத்தில் நடக்கும் 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவில் சிக்கவைப்பது அதில் ஒன்று. தடை இருக்கிறது, மஞ்சள் பட்டையும் இருக்கிறது.

இந்த நேரத்தில் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களும் இந்தியாவுக்குள் இலவசத்தோடு வந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய் என்று தொடங்கிய சாட்ஜிபிடி கோ, நவம்பரில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றானது. ஜியோ வாடிக்கையாளர்களுக்கு ஜெமினி 18 மாதம் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. இலவச மாதங்கள் முடியும் நாளில் எத்தனை வீடுகளில் யாருக்கும் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போகும் என்பதுதான் என் கவலை.

நம் மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்கிறவர்கள் முதலில் நேராகக் கேட்டுப் பார்க்கட்டும். மஞ்சள் பட்டையில் ‘1 ரூபாய்’ என்று எழுதும் அதே அளவு எழுத்தில், அதே பட்டைக்குள், தமிழில், ‘இன்று 1 ரூபாய், எட்டாம் நாள் முதல் மாதம் 199, ஓராண்டுக்கு 2,388’ என்று எழுத வேண்டும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யும்போது ‘உங்கள் சந்தா இன்னும் ஓடுகிறது, நிறுத்தவா?’ என்று போனே கேட்க வேண்டும். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டும் சந்தாக்களுக்கு இப்படி நினைவூட்டும் ஏற்பாடு இருக்கிறது; யுபிஐயில் நேரடியாகப் பிடிக்கும் ஆப்களுக்கும் அதை ரிசர்வ் வங்கியும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமும் சேர்ந்து கட்டாயமாக்க வேண்டும். பெரியம்மா இப்போதும் கதை கேட்கிறார், வேறொரு ஆப்பில். ஆண்டுக்கு மொத்தமாக எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரே தடவையாகக் கட்டியிருக்கிறார்.