ஆங்கிலம் அரியணை ஏறுமுன்

பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் ஒரு மாட்டுக்காரர். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி மடத்து மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கேட்மன். காலம் 7-ஆம் நூற்றாண்டு. விருந்தில் யாழ் கைமாறித் தன் பக்கம் வருவதைக் கண்டால், பாடத் தெரியாதே என்று எழுந்து போய்விடுவாராம். அப்படி ஒருநாள் தொழுவத்தில் போய்ப் படுத்தவருக்குக் கனவில் பாட்டு வந்தது என்று எழுதிவைத்திருக்கிறார் பீட் என்ற துறவி. 731-இல் அவர் முடித்த அந்தத் திருச்சபை வரலாறும் லத்தீனில்தான் இருக்கிறது. கேட்மன் பாடியவற்றில் அவருடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை இன்று ஒன்பதே வரிகள்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேருகிறவர்களுக்கு முதலாண்டிலேயே இந்த உலகத்தில் ஒரு தாள் உண்டு. ஏறத்தாழ 650 முதல் 1350 வரையிலான இலக்கியம். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவரும் முதல் வாரம் திகைத்துப் போவார். தாய்மொழி ஆங்கிலம்தான், ஆனால் ஒரு வரி புரியாது. பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால், வேற்றுமைக்கு வேற்றுமை மாறும் ஈறுகள், இன்றைய அரிச்சுவடியில் இல்லாத எழுத்துகள். மொழியறிஞர் ஹென்றி ஸ்வீட் 1882-இல் இந்தப் பழைய ஆங்கிலத்துக்கென்று ஒரு பாலபாடமே எழுதினார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பொருள் கண்டுதான் முன்னேற வேண்டும். ஆனால் யாப்பு விஷயத்தில் தமிழ் மாணவருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. இந்தப் பாடல்களில் வரி இறுதியில் இயைபு தேடுவதில்லை. ஒவ்வொரு வரியும் நடுவில் இரண்டாகப் பிரியும். அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டுவது மோனை. வெண்பா கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

பாடத்தின் நடுநாயகம் ‘பேவுல்ஃப்’ என்ற காவியம். 3,182 வரிகள். உலகில் இதற்கு இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, எழுதப்பட்டது கி.பி. 1000-ஐ ஒட்டி. 1731-இல் லண்டனில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் தீப்பிடித்தபோது, அங்கே வைத்திருந்த காட்டன் நூலகத்து ஏடுகளோடு இதுவும் அனலில் சிக்கியது. ஓரங்கள் கருகி, பின்னாளில் தொடத் தொட உதிர்ந்தன. 1787-இல் ஐஸ்லாந்தைச் சேர்ந்த தோர்கெலின் என்ற அறிஞர் ஒரு பிரதியை ஆள்வைத்து எழுதுவித்து, இன்னொன்றைத் தாமே எழுதிக்கொண்டார். மூல ஏட்டில் பிறகு உதிர்ந்துபோன எழுத்துகள் பலவற்றை நாம் அறிவது அந்த நகல்களால்தான். சங்க நூல்களின் பதிப்பு வரலாறு அறிந்த எவருக்கும் இந்த இடத்தில் நெஞ்சு ஒரு கணம் நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த காவியத்தில் இங்கிலாந்தே கதைக்களம் இல்லை. டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலும் கதை நடக்கிறது. நாயகன் ஆங்கிலேயன் அல்லன். நெடுங்காலம் அறிஞர்கள் இதைப் பழைய வரலாறு தோண்டும் சுரங்கமாக மட்டுமே பார்த்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியராக இருந்த டோல்கீன் 1936-இல் பிரிட்டிஷ் அகாதெமியில் ஆற்றிய உரைதான் போக்கை மாற்றியது. இது கவிதை, கவிதையாகவே படியுங்கள், அதில் வரும் அரக்கர்களே அதன் மையம் என்று அவர் வாதாடினார். அவர் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் ரசிகர்கள் அந்த உரையை அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

நான் இந்தப் பாடத்தை வலியுறுத்த வேறொரு காரணமும் உண்டு. 1066-இல் நார்மானியர் படையெடுத்து வென்றபின், அரசவையிலும் சட்டத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் அமர்ந்தன. சொந்த மண்ணிலேயே ஆங்கிலம் குடியானவர் மொழியானது. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காட வழிசெய்த சட்டம் 1362-இல் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது! ஆளப்பட்டவர்களின் மொழியாக ஆங்கிலம் கிடந்த அந்த மூன்று நூற்றாண்டுகளைப் படிக்காத மாணவர், ஆங்கிலம் பிறக்கும்போதே கிரீடத்தோடு பிறந்ததாக எண்ணிக்கொள்வார்.

நமக்கு அந்த எண்ணம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு 1835-இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப் படிப்பு ஏற்பட்டதோ 1890-களில்தான். ஆங்கிலம் நம்மிடம் ஆள்வோரின் மொழியாக வந்தது. வகுப்பறையில் இன்றும் அந்தத் தோரணை முழுதாகப் போகவில்லை.

2021-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் இடைக்கால இலக்கியப் பாடங்களைக் கைவிடும் திட்டத்தை முன்வைத்தது. காலனிய நீக்கம் பெற்ற பாடத்திட்டம் என்ற பேச்சும் அதனோடு சேர்ந்தே வந்தது. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தின் பேரரசுப் பெருமிதத்தைக் கலைக்கக் கேட்மனை விடவும் வலுவான ஆசிரியர் கிடைப்பாரா?

தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியப் படிப்பு பெரும்பாலும் சாசரோடு தொடங்குகிறது. சாசர் இறந்தது 1400-இல். அதற்கு முந்தைய எழுநூறு ஆண்டுகளுக்கு இலக்கிய வரலாற்று நூலில் சில பக்கங்கள், தேர்வில் ஓர் இரண்டு மதிப்பெண் வினா. பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களே, முதுகலையிலாவது ஒரு தாளை இதற்கு ஒதுக்குங்கள். நல்ல மொழிபெயர்ப்போடு மூலத்தின் ஐம்பது வரியையும் சேர்த்து வையுங்கள். மோனை தெரிந்த நம் பிள்ளைகள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.