தண்ணீர் வடிந்த பிறகு

2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் ஒரே இரவில் வெள்ளம் புகுந்தது. நாடு முழுக்க 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தும், அது பலரிடம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பணக்கார நாட்டிலும் இப்படி நடக்கும். ஆனால் இரண்டே மாதத்தில் 3,000 கோடி யூரோ மறுசீரமைப்பு நிதிக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்துவிட்டது.

அடுத்த ஆண்டு பாகிஸ்தான். 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இடிந்தோ சேதமடைந்தோ போயின. சேதமும் வருமான இழப்புமாக 3,000 கோடி டாலரைத் தாண்டியது. ஜெர்மனி ஒதுக்கிய தொகைக்கு இது பெரிய தூரமில்லை. அங்கே அது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை. இங்கே ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு.

சிந்து மாகாணம் தட்டையான நிலம். வடிய வழியில்லாமல் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கியது. மஞ்சர் ஏரி நிரம்பித் தளும்பியபோது, பெரிய ஊர்களைக் காப்பாற்ற அதிகாரிகளே கரையை வெட்டிவிட்டார்கள்; கிராமங்கள் மூழ்கின. எந்தப் பக்கம் வெட்டுவது என்பதைப் பொறியாளர் மட்டும் தீர்மானிப்பதாக நம்புவது கடினம். வாரத்துக்குப் பயிர் செய்பவருக்குப் பருத்தி போயிற்று. விதைக்கும் உரத்துக்கும் நிலக்காரரிடம் வாங்கிய கடன் அப்படியே நின்றது. தேங்கிய நீரில் கொசு பெருகியது. 2021இல் சுமார் 5 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை, 2022இல் 26 லட்சத்தை எட்டியது. இந்தக் காய்ச்சலில் போன உயிர்கள் வெள்ளச் சாவுக் கணக்கில் ஏறுவதில்லை.

உலக வங்கி ஆய்வாளர்களின் 2022ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, பெருவெள்ள அபாயத்தில் வாழும் 181 கோடிப் பேரில் 89 சதவீதத்தினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள்.

வறுமை என்றாலே கூட்டச்சாவுதான் என்றும் சொல்லிவிட முடியாது. 1970இல் போலா புயலோடு கடல் புகுந்தபோது, இன்றைய வங்கதேசத்தில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 2020இல் ஆம்பன் புயலுக்கு முன் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தினார்கள். அங்கே சாவு சில பத்துகளோடு நின்றது. இடையில் அந்த நாடு செல்வந்த நாடாகிவிடவில்லை. புயல் கூடங்கள் கட்டினார்கள். கொடியும் ஒலிபெருக்கியுமாக ஊர் ஊராகப் போக, 1972 முதல் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள். ஆனால் ஆம்பன் உடைத்த கரைகள் உடனே அடைபடவில்லை. தென்மேற்குக் கிராமங்கள் சிலவற்றில் உப்புநீர் பல மாதம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உயிரைக் காப்பாற்ற முடிந்த நாட்டுக்கு வயலைக் காப்பாற்றப் பணம் போதவில்லை.

அந்தப் பணம் யார் தருவது? 2023 ஜனவரியில் ஜெனீவா மாநாட்டில் பாகிஸ்தானுக்கு 900 கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி கிடைத்தது; பெரும்பகுதி கடனாக. உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. காலநிலைப் பேரிழப்புகளை ஈடுகட்டவென்றே தனி நிதியம் ஒன்றும் பிறந்தது. 2023 இறுதியில் துபாய் மாநாட்டில் எல்லா நாடுகளும் சேர்ந்து அதற்கு அறிவித்த தொகை சுமார் 70 கோடி டாலர்.