ரவைக் கிளிப்பும் அதன் முத்திரையும்

மீரியபெத்த தோட்டம் அமைந்துள்ள கொஸ்லந்தைச் சரிவுகளுக்கு வடமேற்கே, மலைக்கு அப்பால் இருப்பது தியத்தலாவை. தென்னாபிரிக்கப் போரில் சிறைப்பட்ட போயர்களுள் ஏறத்தாழ 5,000 பேரை ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டு முதல் அங்கே காவலில் வைத்தனர். அந்தப் போயர்கள் ஏந்திய மவுசர் துப்பாக்கியில் ஐந்து ரவைகளை ஒரே அழுத்தில் ஏற்றலாம். எதிரே நின்ற ஆங்கிலச் சிப்பாயோ ஒவ்வொன்றாகச் செருகவேண்டியிருந்தது. போருக்குப் பின் வந்த குறுகிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, பகைவரின் முறையையே மேற்கொண்டது.

அவ்வைந்து ரவைகளையும் அடியிற் பற்றி நிற்கும் சிறு உலோகத் தகடே கிளிப். ரவைகள் உள்ளே சென்றதும் அது வெறுந்தகடாய் நிலத்தில் வீழும். நெடுங்காலம் படைப்பயிற்சி நடந்த தியத்தலாவைப் பகுதியில் அத்தகைய தகடு மண்ணிலிருந்து வெளிப்படின் வியப்பில்லை.

கிளிப்பில் பொறித்த எழுத்து, கிளிப்பைச் செய்தவர் யாரென்பதையே கூறும். அதனுள் இருக்கும் ரவையைப் பற்றி ஒன்றும் கூறாது. ஒரே கிளிப்பில் வேறு ஆலையின் ரவைகளை மீண்டும் நிரப்ப இயலும் அன்றோ! ரவையின் வரலாறு அதன் அடிவட்டத்தில் உள்ளது. கே.எஃப். என்றால் பூனாவை அடுத்த கிர்க்கி ஆலை, கே. என்று மட்டும் இருப்பின் பர்மிங்காமின் கைனோக் நிறுவனம், ஆர்.எல். என்பது இலண்டன் வூல்விச். டி.டபிள்யூ.எம். என்பது மவுசர் ரவை செய்த ஜெர்மானிய ஆலை. அம்புக்குறி செய்தவரைக் காட்டாது. ஆங்கில அரசின் உடைமை என்பதற்கே அது அடையாளம். ரோமன் எண்ணில் காணும் ஏழைப் பலர் ஆலையின் எண் என மயங்குவர். அது 1910இல் ஏற்கப்பெற்ற ஏழாம் வகை ரவையைச் சுட்டுவது. உடன் நிற்கும் 43 போன்ற ஈரிலக்கமே ஆண்டு.

இங்கே ஓர் அபாயம் உண்டு. எழுத்துகள் சூழ்ந்திருக்கும் அவ்வட்டத்தின் நடுவில்தான் அடிபட்டவுடன் தீப்பற்றும் சிறு மூடி பதிந்திருக்கிறது. துருவைச் சுரண்டி எழுத்தைப் படிக்க முயல்பவர், அறியாமலே அதனைத் தீண்டுகிறார். ஆண்டுகள் பல கழிந்தமையால் ரவை செத்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. வெறுங்கிளிப்பை எண்ணெய்த் துணியால் துடைத்து ஆராயலாம். ரவை செருகியிருப்பின், சிறுவரை விலக்கி, கண்ட இடத்திலேயே அதனை விட்டுவிட்டுப் பொலிஸாருக்கு அறிவிக்கவேண்டும்.