வட துருவத்திலிருந்து அப்பா எழுதிய கடிதங்கள்

"கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி இருப்பார்? அவர் வீடு எங்கே இருக்கு?"

மூன்று வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் பெரும்பாலான அப்பாக்கள், "வெள்ளைத் தாடி வெச்சிருப்பார், ரொம்ப தூரத்துல இருக்கார், நீ தூங்கு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுவார்கள். 1920 டிசம்பரில் இங்கிலாந்தில் ஓர் அப்பா அப்படிச் செய்யவில்லை. கேள்வி கேட்ட மூத்த மகன் ஜானுக்குச் சில நாள்களில் தபால் உறை ஒன்று வந்தது. அனுப்பியவர் சாட்சாத் கிறிஸ்துமஸ் தாத்தா. உள்ளே ஒரு சின்னக் கடிதமும், தாத்தாவும் அவருடைய வீடும் இருக்கும் வண்ணப் படமும் இருந்தன. நீ உன் அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது, அதனால் நானே வரைந்து அனுப்புகிறேன் என்று தாத்தா விளக்கமும் கொடுத்திருந்தார்.

அந்த அப்பாவின் பெயர் ஜே.ஆர்.ஆர்.டோல்கீன். பிற்பாடு 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதி உலகப் புகழ் பெற்றவர். அப்போது அவருக்கு 28 வயது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தை வேறு. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து அவர் எழுதிய அந்த ஒற்றைக் கடிதம் 1943 வரை நீண்ட ஒரு குடும்ப வழக்கமாக மாறிவிட்டது.

நடுங்கும் கையெழுத்தின் ரகசியம்

பிள்ளைகளை ஏமாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அப்பாவின் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும். அதனால் தாத்தாவின் கடிதங்கள் முழுக்க நடுங்கும் எழுத்தில் இருந்தன. வயதோ ஆயிரத்துக்கு மேல், இருப்பதோ பனிப் பிரதேசம், கை நடுங்காமல் என்ன செய்யும்!

உறையில் வட துருவத்தின் தபால்தலை ஒட்டியிருக்கும். அதையும் அப்பாதான் கையால் வரைந்து வண்ணம் தீட்டியிருப்பார். கிறிஸ்துமஸ் தாத்தா வந்துபோன மறுநாள் காலை, சில உறைகள் பனித்தூள் படிந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கும். சிலவற்றைத் தபால்காரரே வந்து கொடுப்பார். ஆமாம், டோல்கீன் தபால்காரரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகள் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்களைக் கணப்படுப்பில் வைப்பார்கள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவை மாயமாகிவிடும். தபால்காரரே கொண்டுவந்து கொடுத்த கடிதத்தை எந்தப் பிள்ளை சந்தேகப்படும்?

பழி ஓரிடம்... கரடியார்!

முதல் சில கடிதங்கள் சிறியவை. பிள்ளைகள் வளர வளரக் கதையும் வளர்ந்தது. தாத்தாவுக்கு ஓர் உதவியாளர் வந்து சேர்ந்தார். அவர்தான் வட துருவக் கரடி. நல்ல மனசுக்காரர், கைகால் மட்டும் சும்மா இருக்காது.

1925-ல் நடந்த கூத்தைக் கேளுங்கள். பெருங்காற்றில் தாத்தாவின் குல்லா பறந்துபோய் வட துருவத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டது. (டோல்கீன் கதையில் வட துருவம் என்பது நிஜமாகவே ஒரு பெரிய கம்பம்.) வேண்டாம் வேண்டாம் என்று தாத்தா சொல்லியும் கேளாமல் கரடியார் ஏறினார். கம்பம் நடுவில் முறிந்து தாத்தா வீட்டுக் கூரையில் விழுந்தது. கூரையில் விழுந்த ஓட்டை வழியாகக் கரடியார், மூக்கின் மேல் குல்லாவோடு, நேராகச் சாப்பாட்டு அறைக்குள் வந்து இறங்கினார். பின்னாலேயே பனியும் கொட்டியது. அடுப்புகள் அணைந்தன. உருகிய தண்ணீர், பரிசுகளைச் சேர்த்துவைத்திருந்த நிலவறைக்குள் புகுந்தது. கரடியாருக்குக் கால் முறிவு. தாத்தா கோபத்தில் திட்ட, இனிமேல் உதவிக்கே வர மாட்டேன் என்று கரடியார் முறுக்கிக்கொண்டார். கடைசியில் தாத்தா வீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதோடு விட்டாரா? மறு வருடம் பழைய வீட்டின் இடிபாடுகளில் மூக்கை நுழைத்து, தொடவே கூடாது என்று சொல்லியிருந்த குழாயைத் திருகிவிட்டார். அது வடதுருவ ஒளியின் குழாய். இரண்டு வருடத்துக்கு என்று வைத்திருந்த வாணவேடிக்கை ஒரே மூச்சில் வெடித்துத் தீர்ந்தது. நட்சத்திரங்கள் இடம் மாறின. நிலா நான்கு துண்டானது. நிலாவில் குடியிருந்த மனிதர் தாத்தாவின் கொல்லைப்புறத்தில் வந்து விழுந்து, கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த சாக்லேட்டில் கணிசமான பங்கைத் தின்று தெம்பு வந்த பிறகே நிலாவை ஒட்டவைக்கக் கிளம்பினார்.

1928-ல் பரிசுப் பொட்டலங்களைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மாடிப்படியில் உருண்டார். இன்னொரு வருடம் குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போனதில் கீழ்த்தளமே வெள்ளக்காடு.

இவ்வளவும் வெறும் வேடிக்கைதானா? கொஞ்சம் யோசித்தால் ஒரு கெட்டிக்கார அப்பா தெரிவார். கேட்ட பொம்மை கிடைக்கவில்லையா, பரிசு மாறிப்போய்விட்டதா, கடிதம் தாமதமா? இந்தக் கரடி இருக்கும்வரை எதற்கும் ஒரு காரணம் தயார். பிள்ளைக்கு ஏமாற்றம் வரும் இடத்தில் சிரிப்பு வந்துவிடும்.

கரடியாருக்கும் பேச இடம் கொடுத்ததுதான் அதைவிட ருசி. தாத்தா அவரைப் பற்றிக் குறை எழுதினால், தடித்தடியான கோண எழுத்தில் கடித ஓரத்திலேயே பதில் கிறுக்கிவிடுவார். பின்னாள்களில் தாத்தாவுக்கு இல்பெரத் என்ற குட்டி மாயாவி செயலாளராக வந்தார். அவருக்கு நளினமான கையெழுத்து. அவருக்கும் கரடியாருக்கும் எப்போதும் வாய்ச்சண்டை. ஒரே தாளில் மூன்று பேர், மூன்று கையெழுத்து, எழுதியது ஒரே அப்பா.

நடுராத்திரிப் பேராசிரியர்

டோல்கீனுக்கு நான்கு பிள்ளைகள். ஜான், மைக்கேல், கிறிஸ்டோபர், கடைக்குட்டி பிரிசில்லா. 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்துக்கான பேராசிரியர் ஆனார். பதவி பெரியதுதான். ஆனால், வருமானம் நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் போதாமல் ஒவ்வொரு கோடையிலும் தேர்வுத்தாள் திருத்தும் வேலையைத் தலையில் இழுத்துப்போட்டுக்கொண்டார். அப்படித் திருத்திக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு மாணவர் வெறுமையாக விட்டுவைத்த பக்கத்தில் எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்துதான் 'தி ஹாபிட்' பிறந்தது. வீடு அடங்கிய பிறகு நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து எழுதுவது அவர் வழக்கம்.

குளிர்கால மாலைகளில் தேநீர் முடிந்ததும் மகன்களைக் கூட்டிவைத்து அந்தக் கதையைப் படித்துக் காட்டுவார். கிறிஸ்டோபருக்கு அப்போது நான்கைந்து வயது. வாயைப் பிளந்து கேட்கும் ரகம் இல்லை, கணக்குப் பார்க்கும் ரகம். கதையை நடுவில் நிறுத்தி, போன தடவை வீட்டுக் கதவு நீலம் என்றீர்களே, இப்போது பச்சை என்கிறீர்களே என்று கேட்டான். குல்லாவின் குஞ்சம் தங்க நிறத்திலிருந்து வெள்ளி நிறத்துக்கு மாறியதையும் பிடித்துவிட்டான். அப்பா வாய்க்குள் அவனைச் சபித்துக்கொண்டே எழுந்துபோய் அதைக் குறித்துவைத்துக்கொண்டார். திட்டினாலும் திருத்திக்கொண்டார் என்பதுதான் விஷயம்.

1937-ல் 'தி ஹாபிட்' புத்தகமாக வந்தது. அந்த டிசம்பரில் 13 வயது கிறிஸ்டோபர் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். அப்பா எழுதிய இந்தக் கதையைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கலாமே என்று அதில் சிபாரிசு. அப்பாவின் புத்தகத்துக்கு அப்பாவிடமே மகன் செய்த விளம்பரம்!

பிள்ளைகள் பெரியவர்கள் ஆக ஆக, தற்செயலாகவோ யோசித்தோ ஒவ்வொருவரும் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால், தெரிந்தவர்கள் யாரும் சின்னவர்களிடம் வாய் திறக்கவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது தம்பிக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரிந்தது தங்கைக்குத் தெரியாது. அப்பா தொடங்கிய விளையாட்டை வீடே சேர்ந்து காப்பாற்றியது.

பெட்டி மேல் எழுதிய பெயர்

ஓர் அப்பாவுக்கு ஏன் இவ்வளவு பாடு? அவருடைய இளமைக்காலத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

டோல்கீன் பிறந்தது 1892-ல், தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைனில். அவருக்கு மூன்று வயதானபோது அம்மா, அவரையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்தார். வங்கியில் வேலை பார்த்த அப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. வரவே இல்லை. 1896-ல் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். அப்பாவைப் பற்றி மகனுக்கு மிஞ்சிய நினைவுகளில் ஒன்று, பயணத்துக்கு முன்பு பெட்டியின் மூடியில் அப்பா தன் பெயரைப் பெயின்ட்டால் எழுதிக்கொண்டிருந்த காட்சி. 12 வயதில் அம்மாவும் போய்விட்டார். அதன் பிறகு ஒரு பாதிரியாரின் பொறுப்பில் வளர்ந்தார். 1916-ல் திருமணம் ஆன சில மாதங்களிலேயே பிரான்ஸின் சோம் போர்க்களத்துக்குப் போய், பதுங்குகுழிக் காய்ச்சலோடு திரும்பினார். நெருங்கிய நண்பர்கள் திரும்பவில்லை.

அப்பா என்றால் பெட்டி மேல் எழுதிய சில எழுத்துகள்தான் என்று வளர்ந்தவர், தன் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதி, வண்ணம் தீட்டி, உறையில் போட்டுக் கொடுத்தார். இரண்டையும் அவர் எங்கும் முடிச்சுப் போட்டுச் சொன்னதில்லை. படிக்கிறவர்களுக்குத் தோன்றாமல் இருக்காது.

ஸ்டாக் தீர்ந்துபோன தாத்தா

வெளியுலகின் கஷ்டமும் கடிதங்களுக்குள் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஊரெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். பசியிலும் குளிரிலும் வாடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்த முறை பரிசுகள் சின்னவைதான் என்று தாத்தா பக்குவமாகச் சொன்னார். 'காசு இல்லை' என்று சொல்வதற்கும் இப்படிச் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

1939-ல் மீண்டும் உலகப் போர். மகன்கள் வளர்ந்துவிட, கடிதங்கள் இப்போது பிரிசில்லாவுக்கு மட்டும். அவளுடைய பொம்மைக் கரடி பிங்கோவையும் தாத்தா மறக்காமல் விசாரிப்பார். 1940-ல் தென் துருவத்திலிருந்து பென்குயின்கள் உதவிக்கு நீந்தி வந்த கதையைச் சொல்லி, அவை கரடியாரோடு ஆடும் படத்தையும் அனுப்பினார். கிடங்கில் சரக்கு குறைந்துவிட்டது, வீட்டை விட்டு வேறெங்கோ போய் இருக்கிறவர்கள் ஏராளம் என்ற வருத்தமும் கடிதங்களில் உண்டு. பூதங்களோடு நடக்கும் சண்டையாகப் போர், குழந்தைகளின் மொழியில் வந்துபோனது. ஆபத்தை மறைக்கவும் இல்லை, அதைக் காட்டிப் பயமுறுத்தவும் இல்லை.

1943-ல் பிரிசில்லாவுக்கு 14 வயது. இன்னும் ஒரே ஒரு முறை நீ காலுறையைத் தொங்கவிடுவாய் என்று நினைக்கிறேன் என்ற ஜாடையோடு கடைசிக் கடிதம் வந்தது. தாத்தா அதில் விடைபெற்றுக்கொண்டார். ஆனால், பழைய நண்பர்களின் பெயர்களையும் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருப்பதாகவும், அவர்களுக்கென்று வீடும் பிள்ளைகளும் வரும்போது திரும்பி வருவதாகவும் சொன்னார். அப்பாக்களுக்குப் பிள்ளை வளர்வதில் சந்தோஷமும் உண்டு, கொஞ்சம் வலியும் உண்டு. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டார்.

மருமகள் தொகுத்த புத்தகம்

டோல்கீன் 1973-ல் காலமானார். மூன்று வருடம் கழித்து, 1976-ல், இந்தக் கடிதங்கள் படங்களோடு புத்தகமாக வெளிவந்தன. தொகுத்தவர் பெய்லி டோல்கீன், கிறிஸ்டோபரின் மனைவி. மாமனார் தன் பிள்ளைகளுக்கு எழுதியதை மருமகள் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். குடும்பம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் நடுங்கும் எழுத்து, கரடியாரின் கிறுக்கல், கையால் வரைந்த தபால்தலை எல்லாவற்றையும் இன்று நம்மால் பார்க்க முடிகிறது.

கதவு நீலமா பச்சையா என்று அப்பாவை மடக்கிய கிறிஸ்டோபர் என்ன ஆனார்? அப்பா முடிக்காமல் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, முரண்களைக் கண்டுபிடித்து, சீராக்கிப் பதிப்பிப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1977-ல் வந்த 'தி சில்மரில்லியன்' தொடங்கி அடுத்தடுத்துப் பல புத்தகங்கள். 2020-ல், 95 வயதில் அவர் மறையும்வரை அப்பாவின் எழுத்தை அவரைவிட நுணுக்கமாகப் படித்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.